ஒரு ஹிஜ்ரி ஆண்டு, நாளொரு படம்



ஹிஜ்ரி 1446-ஆம் ஆண்டின் முஹர்ரம் முதல் நாள், 2024 ஜூலை 8 அன்று, நம் மதரஸாவில் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் இஷாவுக்குப் பின் நம்மைச் சந்திக்க வந்தார். வயது இருபது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்டிலும் மாறி மாறி வேலை பார்ப்பவர். “ஹஜ்ரத், இன்றிலிருந்து ஒரு வருஷம், நாளைக்கு ஒரு போட்டோ எடுக்கலாம்னு நினைக்கிறேன். மார்க்கத்தில் தப்பு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார்.

நாம் இரண்டு நிபந்தனைகள் விதித்தோம். உயிருள்ளவற்றின் முகம் படத்தில் வரக்கூடாது. எடுத்ததை ஊருக்குக் காட்டிப் பெருமை தேடக்கூடாது. அவர் இரண்டையும் ஏற்றுக்கொண்டு போனார். அந்த ஓராண்டில் அவர் கற்றதையும், அவரால் நாம் கற்றதையும் அவருடைய அனுமதியுடன் இங்கே எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்பது அவர் விருப்பம்.

உலகில் இப்படிச் செய்தவர்கள்

நாளொரு படம் என்பது கைப்பேசி வந்த பிறகு தோன்றிய வழக்கம் அன்று. அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் 1979 மார்ச் 31 அன்று போலராய்டு கேமராவால் நாளுக்கு ஒரு படம் எடுக்கத் தொடங்கினார். 1997 அக்டோபர் 25 அன்று புற்றுநோயால் இறக்கும் நாள் வரை நிறுத்தவில்லை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அப்படங்களில் பெரும்பாலானவை சாதாரணமானவை: உண்ட உணவு, நண்பர்கள், தெரு, இறுதியில் மருத்துவமனைப் படுக்கை.

சிப்காட் தொழிலாளர்களுக்கு இன்னும் நெருக்கமானவர் தெஹ்சிங் ஷே. தைவானிலிருந்து கப்பலில் வந்து, உரிய ஆவணமின்றி நியூயார்க்கில் தங்கிப் பிழைத்தவர். தொழிற்சாலை வாயில்களில் இருக்கும் பஞ்சிங் இயந்திரம் ஒன்றைத் தம் அறையில் நிறுவினார். 1980 ஏப்ரல் 11 முதல் 1981 ஏப்ரல் 11 வரை, இரவு பகல் பாராமல் மணிக்கு ஒரு முறை அட்டையைப் பஞ்ச் செய்து, ஒவ்வொரு முறையும் தம்மை ஒரு படம் எடுத்துக்கொண்டார். தொடக்கத்தில் தலையை மழித்திருந்தார். படங்களை வரிசையாக ஓட்டினால் முடி வளர்வதில் ஓராண்டு கடப்பது தெரியும்.

ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். அவற்றுள் 133 முறை அவர் தவறினார். தூக்கத்தால் 94, தாமதத்தால் 29, நேரத்துக்கு முன்பே பஞ்ச் செய்ததால் 10 எனக் காரணம் பிரித்து எழுதித் தம் படைப்புடனேயே வைத்தார். அவர் முஸ்லிம் அல்லர். அவர் நோக்கமும் நம் நோக்கம் அன்று. ஆயினும் தவறியதை மறைக்காமல் கணக்கில் எழுதிய அந்த நேர்மை நம்மைச் சிந்திக்க வைத்தது.

முஹாஸபா என்னும் கணக்கு

தன் நாளைத் தானே கணக்குப் பார்க்கும் பழக்கம் நம் மார்க்கத்தில் புதிதன்று. ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் இதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கியுள்ளார். வியாபாரி தன் கூட்டாளியிடம் காலையில் நிபந்தனை பேசி, பகலில் கண்காணித்து, மாலையில் கணக்குக் கேட்பதுபோல் மனிதன் தன் நஃப்ஸிடம் கேட்கவேண்டும் என்பது அவர் காட்டும் முறை. அளவில் சிறிதாயினும் இடைவிடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றிருப்பதை நாம் அறிவோம்.

படம் எடுப்பதை அமல் என்று நாம் சொல்லவில்லை. தொழுகைக்கும் திலாவத்துக்கும் ஈடாக அதை வைப்பது பெரும் பிழை. ஆனால் ஒரு சிறு செயலை நாள்தோறும் செய்யும் பயிற்சியில்லாதவருக்கு எந்த நற்செயலிலும் இஸ்திகாமத் கைகூடுவது அரிது. ரமளானில் நிரம்பி வழியும் பள்ளிவாசல் ஷவ்வாலில் காலியாவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். நம் மக்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. அது நிலைப்பதில்லை என்பதே நம் குறை. தானே விரும்பி ஏற்ற ஒரு சிறு கடமையை ஓராண்டு காக்கும் இளைஞர், பெரிய கடமைகளைக் காக்கும் வழியையும் கற்கிறார் என்பது நம் கருத்து.

அவர் எடுத்தவை

தொழிற்சாலைக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை. ஆகவே வாயிலுக்கு வெளியே கிடைத்தவையே அவருக்குப் படம். நைட் ஷிப்ட் முடிந்து வரும் வேளையில் புகைக்கு நடுவே சிவந்த கிழக்கு. தேசிய நெடுஞ்சாலையோரம் இரும்புக் கம்பிகள் ஏற்றிய லாரிகளின் வரிசை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தங்கும் வரிசை வீடுகளின் கொடியில் உலரும் சட்டைகள். கும்மிடிப்பூண்டி நிலையத்தில் புறநகர் ரயில் புறப்பட்டபின் நடைமேடையில் கிடந்த ஒரு குழந்தையின் செருப்பு. பழவேற்காட்டு ஏரியில் குளிர்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகளை மட்டும் வெகு தொலைவிலிருந்து எடுத்திருந்தார். முகம் தெரியாத தூரம் என்று நம்மிடம் சிரித்தபடியே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பகல் 12 மணியைச் சற்றுக் கடந்ததும் பள்ளிவாசல் முற்றத்து இரும்புக் கம்பத்தின் நிழலை எடுப்பதை வழக்கமாக வைத்திருந்தார். அவற்றை வரிசைப்படுத்தியபோது நமக்கே ஒரு பாடம் கிடைத்தது. ஜூலையில் நிழல் தெற்கே விழுந்திருந்தது. ஆகஸ்ட் 18 அன்று கம்பத்தின் அடியில் நிழல் ஏறத்தாழ இல்லை. பிறகு வடக்கே நீண்டு, மார்கழியில் மிக நீண்டு, மீண்டும் குறுகி, ஏப்ரல் 27 அன்று மறைந்து, அதன்பின் தெற்கே திரும்பியது.

அஸர் நேரத்தை விளக்கும்போது, பொருளின் நிழல் அதன் உயரத்தளவு ஆகவேண்டும் என்றும், நண்பகலில் இருக்கும் நிழலை அதனோடு கூட்டவேண்டும் என்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி சொல்லித் தருகிறோம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) இரு மடங்கு என்பார்கள். கிதாபில் உள்ள அந்த ‘நண்பகல் நிழல்’ என்னவென்று நம் மாணவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. இந்தப் படங்களைக் காட்டிய அன்று பத்து வயதுப் பிள்ளைகளும் விளங்கிக்கொண்டார்கள். பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் நிழற்கடிகாரம் அமைத்த முன்னோர், நாள்தோறும் நிழலைக் கவனித்தே அதைச் செய்திருப்பார்கள் என்பதும் அவர்களுக்குப் புரிந்தது.

அத்தாவின் முகம்

ஷஅபான் மாதத்தில் அவருடைய தந்தை திடீரென மாரடைப்பால் இறந்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இரும்பு ஆலை ஒன்றில் பல ஆண்டுகள் சுமை ஏற்றி இறக்கியவர். மகனும் தந்தையும் வெவ்வேறு ஷிப்டில் இருந்ததால், ஒரே வீட்டில் இருந்தும் வாரக்கணக்கில் ஒருவரையொருவர் விழித்த நிலையில் பார்த்ததில்லை.

ஜனாஸா முடிந்து பதினோரு நாள்கள் அவர் படம் எடுக்கவில்லை. பின்னர் ஒரு மாலை நம்மிடம் வந்து கைப்பேசியை நீட்டினார். வாசலில் தந்தையின் செருப்பு. சைக்கிள் கைப்பிடியில் தொங்கும் டிபன் கேரியர். தோளில் போட்டுத் தேய்ந்த துண்டு. தந்தை குடித்துவிட்டு வைத்த தேநீர்க் குவளை. எல்லாம் அந்த ஆண்டில் எடுத்தவை. “ஹஜ்ரத், அத்தாவோட எல்லாச் சாமானும் இருக்கு. அத்தா முகம் ஒண்ணுகூட இல்லை. ஆதார் கார்டுல இருக்கிறதுதான் இருக்கு. அதிலும் அவர் மாதிரியே இல்லை” என்றார்.

நம்மைக் குறை சொல்லும் தொனி அவர் குரலில் இல்லை. அதனாலேயே நமக்கு வருத்தம் மிகுந்தது.

புகைப்படம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நபிமொழிகள் கண்டிக்கும் உருவமைத்தலில் புகைப்படமும் அடங்கும் என்று நம் துணைக்கண்டத்து உலமாக்கள் பலர் தடுத்திருக்கிறார்கள். தேவைக்கு மட்டும் அனுமதித்தோரும் உண்டு. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைக் முஹம்மது பகீத் அல்முதீஈ, புகைப்படம் என்பது படைத்தல் அன்று, நிழலைப் பிடித்து நிறுத்துதலே என வாதிட்டு அதனை ஆகுமாக்கித் தனி ஆய்வே எழுதினார். எகிப்திய இராணுவ அதிகாரியான முஹம்மது ஸாதிக் என்னும் முஸ்லிம் 1861-இல் மதீனாவையும் 1880-இல் மக்காவையும் படம் எடுத்தார். இன்று அப்புனிதத் தலங்களின் பழைய தோற்றத்தை நாம் அறிய அவை உதவுகின்றன.

இவற்றை நாம் அறிந்திருந்தோம். ஆயினும் அன்று அவர் கேட்டபோது, இதில் கருத்து வேறுபாடு உண்டு, நம் மனம் பேணுதலின் பக்கம் சாய்கிறது என்று நாம் சொல்லவில்லை. “முகம் கூடாது” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டோம். பேணுதல் நமக்கு உரியது. அதை மற்றவருக்குச் சட்டம்போல் சொல்வது ஆசிரியரின் பிழை. ஹஜ்ஜுக்குப் பாஸ்போர்ட் எடுக்கவும், ரேஷன் அட்டைக்கும், வங்கிக்கும் நாமே கேமரா முன் அமர்ந்தோம். ஒரு மகன் தன் தந்தையைப் படம் எடுப்பதில் மட்டும் கறாராக இருந்தோம். அதை அவரிடமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம்.

மதுரையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் பழனிக்குமார், மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்த தம் தாயின் உழைப்பைப் படங்களாகப் பதிவுசெய்தவர். 2022-ஆம் ஆண்டின் தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. உழைக்கும் பெற்றோரைப் பிள்ளைகள் நின்று பார்ப்பதன் மதிப்பை அவர் பணி காட்டுகிறது. சிப்காட்டைச் சுற்றி வாழும் நம் குடும்பங்களில் அத்தாவின் உழைப்பைக் கண்ணால் கண்ட பிள்ளைகள் மிகக் குறைவு. ஆலைச் சுவருக்குள் நடப்பது வீட்டாருக்குத் தெரியாது. அவர் வீடு திரும்பும்போது பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள்.

நம் பரிந்துரை

இப்படி ஒரு முயற்சியில் இறங்க விரும்பும் பிள்ளைகளைக் கேலி செய்து தடுக்க வேண்டாம் என்று பெற்றோரை வேண்டுகிறோம். சில ஒழுங்குகளை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

முதலாவது, நிய்யத். அல்லாஹ் அளித்த நிஃமத்துகளைக் கவனிக்கவும் நாளைக் கணக்குப் பார்க்கவுமே இது என்ற எண்ணம் வேண்டும். விருப்பக்குறிகளை எண்ணத் தொடங்கினால் ரியா நுழைந்துவிடும். ஓராண்டு முடியும்வரை பொதுவெளியில் பதிவிடாமல் இருப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது, பிறர் மானம். அனுமதியின்றி எவரையும் எடுக்கக்கூடாது. பெண்களையும், சிறு பிள்ளைகளையும், தெருவோரம் அயர்ந்து உறங்கும் வெளிமாநிலத் தொழிலாளியையும் எடுத்துப் பரப்புவது அமானிதத்தை மீறுவதாகும்.

மூன்றாவது, தவறும் நாள்கள். பெரும்பாலோர் இரண்டாம் மாதத்தில் ஒருநாள் விட்டதும் முழுவதையும் கைவிட்டுவிடுகிறார்கள். விட்ட நாளின் பழைய படத்தைத் தேதி மாற்றி வைப்போரும் உண்டு, அது பொய். விட்டதை விட்டதாக எழுதிவிட்டு மறுநாள் தொடரவேண்டும்.

நான்காவது, முகம் பற்றிய சட்டம். உங்கள் மஹல்லாவில் நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டு, உங்கள் மத்ஹபின்படி நடந்துகொள்ளுங்கள். ஆகும் என்ற கருத்தை ஏற்பவர்கள், நாலு சுவருக்குள் வைத்துக்கொள்ளவேனும் தம் பெற்றோரை அவர்கள் சம்மதத்துடன் ஒரு நாளாவது எடுத்து வையுங்கள். ஆகாது என்று பேணுவோர், அந்த ஒரு நாளில் அவர்கள் அருகில் அமர்ந்து முகத்தைப் பார்த்துப் பேசியாவது இருங்கள்.

அந்த ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாள்கள். அவர் எடுத்தவை 317 படங்கள். விடுபட்டவை 37: நைட் ஷிப்டுக்குப் பின் உறங்கிப்போனதால் 19, தந்தையின் மறைவால் 11, காரணமின்றி மறந்ததால் 7. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி நம்மிடம் கொடுத்தார். 1447 முஹர்ரம் பிறந்ததும் அவர் மீண்டும் தொடங்கிவிட்டார். முதல் நாள் படம் அவருடைய தாயார், அவர் சம்மதத்துடன். அதை நம்மிடம் காட்டவில்லை; எடுத்தேன் என்று மட்டும் சொன்னார். நாமும் காட்டச் சொல்லவில்லை.

வல்ல ரஹ்மான் அந்தத் தந்தையின் கப்றை விசாலமாக்கி ஒளி பெறச் செய்வானாக. நம் பிள்ளைகளுக்கு நற்செயல்களில் நிலைத்திருக்கும் தவ்ஃபீக்கையும், நமக்குத் தெரிந்ததைத் தெரிந்த அளவிலேயே சொல்லும் பணிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.