சூரியனுக்கும் பட்டா கேட்கிறார்கள்

எங்கள் சேரிக்கு வெயில் குறையில்லாமல் வருகிறது. அந்த வெயிலுக்கு அரசு தரும் மானியம்தான் வருவதில்லை.

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு பி.எம். சூர்ய கர் திட்டத்தை அறிவித்தது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சோலார். 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம். திண்டிவனத்தைச் சுற்றியுள்ள சேரிகளுக்கும் இருளர் குடியிருப்புகளுக்கும் வந்து பாருங்கள். ஓலைக் கூரையிலும், விரிசல் விட்ட தொகுப்பு வீட்டிலும், பட்டா இல்லாத ஏரிக்கரைக் குடிசையிலும் அதை எங்கே மாட்டுவது?

வயலிலும் இதே கதைதான். 2019இல் வந்த பி.எம். குசும் திட்டப்படி, தரிசு நிலம் வைத்திருப்பவர் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை மின் நிலையம் அமைத்து மின்சாரம் விற்கலாம். கிணறு வைத்திருப்பவருக்கு மானியத்தில் சோலார் பம்புசெட். பட்டியல் சாதி, பழங்குடி சிறு விவசாயிகளுக்குத் தமிழ்நாடு அரசு கூடுதல் மானியமும் தருகிறது. நல்லது. கிணறு யாரிடம் இருக்கிறது? பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் இது 20 விழுக்காடு. இவர்களில் பெரும்பாலோர் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்பவர்கள்.

நிலக்கரியிலிருந்து சூரிய மின்சாரத்துக்கு மாறும்போது பாதிக்கப்படும் பகுதிகளுக்குச் சிறப்புச் சலுகை வேண்டும் என்று முற்போக்குத் தோழர்கள் பேசுகிறார்கள். எனக்கும் அது வேண்டும். ஆனால் 'பகுதி' என்றால் யார்? அமெரிக்கா 2022இல் கொண்டுவந்த சட்டம், நிலக்கரிப் பகுதிகளில் மின் நிலையம் அமைக்கும் நிறுவனங்களுக்குக் கூடுதல் வரிச்சலுகை தந்தது. பகுதியின் பெயரில் வந்த சலுகை முதலில் போய்ச் சேர்ந்தது முதலீட்டாளரிடம். இங்கே அதோடு சாதியும் சேரும். நம் மாவட்டத்து மேல்பாதியில், தலித்துகள் கோயிலுக்குள் நுழைவதை எதிர்த்ததால் 2023இல் கோயிலுக்கே சீல் வைக்க நேர்ந்தது. ஊரும் சேரியும் ஒன்றாக நிற்க முடியாத இடத்தில் மானியம் மட்டும் இரண்டுக்கும் சமமாக வந்து சேருமா?

நெய்வேலி நமக்கு அயலூர் அல்ல. 1993 வரை விழுப்புரமும் திண்டிவனமும் நெய்வேலியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்.எல்.சி.க்காக விளைந்த நெல்வயலில் பொக்லைன் இறங்கியபோது நாடே பதறியது. பதற வேண்டியதுதான். ஆனால் இழப்பீட்டுப் பேச்சு முழுக்க ஏக்கர் கணக்கிலேயே நடந்தது. நடவு நட்ட கைகளை யார் எண்ணினார்கள்?

2013 நிலம் எடுப்புச் சட்டம், மூன்றாண்டுகள் அந்த நிலத்தை நம்பி வேலை செய்த நிலமற்ற கூலிக் குடும்பத்தையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்கிறது. ஆனால் சோலார் நிறுவனம் நிலத்தை நேரடியாக வாங்கினாலோ குத்தகைக்கு எடுத்தாலோ அந்தச் சட்டம் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. நிலக்காரருக்குக் குத்தகைப் பணம் வரும். களை எடுத்தவருக்கு வேலி மட்டும் மிஞ்சும்.

'மானியத்திலுமா சாதி?' என்று கேட்பார்கள். சாதியைக் கணக்கில் எடுக்காத மானியம், சாதி போட்ட பாதையிலேயே போகும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இவை. சலுகையை மாவட்டக் கணக்கில் கொடுக்காதே. வேலை இழக்கும் கூலிக் குடும்பத்தைக் கணக்கெடுத்து நேரடியாகக் கொடு. மானியம் வாங்கும் சோலார் நிறுவனத்தின் வேலையிலும் பயிற்சியிலும் இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கு. 1892 முதல் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டு, பிறர் கைக்குப் போன பஞ்சமி நிலங்களை மீட்டுக் கொடு. தரிசில் மின் நிலையம் அமைக்கத்தான் திட்டம் என்றால், மீட்ட நிலத்தில் சேரிப் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் அதை அமைக்கட்டும். அந்த மின்சாரத்தை அரசு வாங்கட்டும்.

தோழர்களே, அடுத்த முறை 'பசுமை ஆற்றல்' கருத்தரங்குக்குப் போனால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: அந்த நிலத்தில் நேற்றுவரை கூலி வேலை செய்தவர் இன்று என்ன செய்கிறார்?