கன்று கொடுக்கிறார்கள், கீரை எங்கே?



செப்டம்பர் பிறந்தால் ஊட்டச்சத்து மாதம். அங்கன்வாடி வாசலில் காய்கறிக் கோலம், ஓர் உறுதிமொழி, ஒரு குரூப் போட்டோ, அதோடு சரி. ஆனால் தெலங்கானாவில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள், 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 60.7 சதவீதம். 2019-21 ஆய்வில் 70 சதவீதம்!

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருப்பதோ இதே ஹைதராபாத்தில், தார்நாகாவில். 1918-ல் குன்னூரில் மருத்துவர் மக்காரிசன் சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது, 1958-ல் இங்கே வந்தது. அதன் பழைய உணவு அட்டவணையைப் புரட்டினால், 100 கிராம் முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச்சத்து 440 மில்லிகிராம், பசும்பாலில் 120. ஆஷாட மாதத்தில் முருங்கைக்கீரை சமைப்பது தெலுங்கு வீடுகளின் பழைய வழக்கம். கோங்கூரா என்ற புளிச்சக்கீரையும் தோட்டகூரா என்ற தண்டுக்கீரையும் யாருக்கும் புதிதல்ல. ஆக, இங்கே அறிவும் இருக்கிறது, நாக்கும் பழகியிருக்கிறது. செடிதான் இல்லை.

அரசு செடி நடாமலும் இல்லை. 2015-ல் தொடங்கிய ஹரிதஹாரம் என்ற மரநடும் திட்டத்தில் கோனோகார்பஸ் என்ற அலங்கார மரத்தைச் சாலையோரமெங்கும் நட்டார்கள். காய்க்கும் உதவாது, கறிக்கும் உதவாது. 2022-ல் அரசே அதை இனி நட வேண்டாம் என்று நிறுத்தியது. அந்தச் செலவில் ஒரு பங்காவது வீட்டு வாசலுக்கு வந்திருக்கலாம். (சாலையோரத்தில் கீரை போடச் சொல்லவில்லை, அந்தப் புகையில் விளைந்ததைக் குழந்தைக்கு யார் ஊட்டுவார்கள்?)

வாசலுக்கு வந்தாலும் வைக்க இடம் வேண்டுமே. எங்கள் லோத்குண்டாவில் பாதிப் பேர் போர்ஷன் வாடகைக்காரர்கள். மொட்டைமாடியில் நாலு பை வைத்தால், கூரை ஒழுகும் என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். வாடகை அறையில் நடக்கும் அங்கன்வாடிக்குத் தோட்டம் எங்கிருந்து வரும்? அங்கன்வாடித் தோட்டம் என்ற திட்டம் நிலமுள்ள கிராமத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது போலிருக்கிறது. நகரத்துக் குழந்தை அதில் விடுபட்டுப் போகிறது.

இத்தனைக்கும் வீட்டில் கீரை வளர்ப்பது பெரிய வித்தையல்ல. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 முருங்கை விதையிலிருந்தே வளரும். இடுப்பளவில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்து, கைக்கெட்டும் உயரத்திலேயே தழைக்கும். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வரும். ஒரு பழைய பெயின்ட் வாளி, அடியில் நாலு ஓட்டை, மண்ணோடு தொழு உரம், அவ்வளவுதான்.

கீரை மட்டுமே ரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகத்தான் எடுத்துக்கொள்கிறது. எலுமிச்சை பிழிந்தால் கொஞ்சம் கூடும். குடற்புழு மருந்தும், இரும்பு சிரப்பும், முட்டையும் கூடவே வேண்டும். ஆனால் சிரப் வருகிற நாளும் வராத நாளும் உண்டு. வாசலில் நிற்கிற மரம் எந்த நாளும் லீவு போடாது.

மாநகராட்சி செய்ய வேண்டியது இதுதான்: ஐந்து வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டுக்கு மழைக்காலத் தொடக்கத்தில் முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளிக் கன்றும், இரண்டு கீரை விதைப் பொட்டலமும், இடம் இல்லாத அங்கன்வாடிக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு மூலை. அதற்கு முன், போன மழைக்காலத்தில் இங்கே கொடுத்த கன்றுகளில் உணவுச்செடி எத்தனை, பிழைத்தவை எத்தனை என்று வார்டுவாரியாகக் கணக்கை வெளியிடட்டும்.

வாசகர்,
லோத்குண்டா, செகந்திராபாத்