பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

புது லேப்டாப். பென் டிரைவிலிருந்து விண்டோஸ் ஏற்றும் வேலை சுமுகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. எந்த டிஸ்க்கில் ஏற்றுவது என்று கேட்கும் திரை வருகிறது. பட்டியல் காலி. டிஸ்க் எதையும் காணவில்லை என்கிறது கம்ப்யூட்டர். நேற்றுதான் பெட்டியைப் பிரித்த மெஷின். சொந்தக்காரருக்கு வியர்த்துவிடுகிறது. தெருமுனைக் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்கிறார்: டிஸ்க் போச்சு, மாற்ற வேண்டும்.

அநேகமாக டிஸ்க் போயிருக்காது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், வீட்டிலும் ஆபீசிலும் புது மெஷின், புது விண்டோஸ் என்று மாறுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தகராறு பழையது. 1990-களின் முற்பகுதியில் பல கம்ப்யூட்டர்களின் பயாஸ் 528 மெகாபைட்டைத் தாண்டிய டிஸ்க்கை முழுதாகப் பார்க்கத் தெரியாமல் விழித்தது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பின்னாளில் வந்த சாட்டா டிஸ்க்குகள் பல புரியவில்லை. எஃப்6 விசையை அழுத்தி, ஃபிளாப்பியிலிருந்து டிரைவர் கொடுக்க வேண்டியிருந்தது - ஃபிளாப்பி சொருக இடமே இல்லாத மெஷின்களிலும். வன்பொருள் முன்னே ஓட, மென்பொருள் மூச்சிரைக்கப் பின்னால் வருவது வழக்கமாகிவிட்டது.

டிரைவர் என்பது இரண்டுக்கும் நடுவே நிற்கும் துபாஷி. இன்டெல் 2020-ல் கொண்டுவந்த 11-ம் தலைமுறை பிராசசர்கள் முதல், பல லேப்டாப்களில் டிஸ்க்குக்கு முன்னால் விஎம்டி என்ற ஏற்பாடு உட்கார்ந்திருக்கிறது. அதனிடம் பேசும் துபாஷி பல சமயம் விண்டோஸ் பென் டிரைவில் இருப்பதில்லை. வைத்தியம் எளிது. லேப்டாப் கம்பெனியின் இணையதளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, பிரித்து, பென் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' பொத்தானை அழுத்தினால் டிஸ்க் தலைகாட்டும். பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவது இன்னொரு வழி. ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் இதைச் செய்தால் அந்த விண்டோஸ் கிளம்பாமல் போகலாம்.

பயாஸ் திரையிலேயே டிஸ்க்கின் பெயர் இல்லையென்றால் கதை வேறு. டிஸ்க் சரியாகச் சொருகப்படாமல் இருக்கலாம். அல்லது எம்.2 துளை பொருந்தாததாக இருக்கலாம். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் சில துளைகள் என்விஎம்இ டிஸ்க்கை மட்டும் ஏற்கும், சில சாட்டாவை மட்டும்.

ஆபத்தானது இரண்டாவது வகைப் பிழை. டிஸ்க் தெரியும், ஆனால் அது ஜிபிடி முறையில் இருப்பதால் விண்டோஸை ஏற்ற முடியாது என்று செய்தி வரும். உடனே அரைகுறை நிபுணர் ஒருவர் 'கிளீன்' கட்டளை கொடுத்து டிஸ்க்கைத் துடைக்கச் சொல்வார். சில நொடிகளில் கல்யாணப் போட்டோவும் கடைக் கணக்கும் கண்ணிலிருந்து மறையும். எஸ்எஸ்டியில் அதன் பிறகு ஃபார்மட்டும் செய்துவிட்டால் மீட்பது அநேகமாக நடக்காத காரியம். இத்தனைக்கும் குற்றம் டிஸ்க்கினுடையது அல்ல. பென் டிரைவைப் பழைய பயாஸ் முறையில் கிளப்பியதுதான். மறுபடி துவக்கி, பூட் பட்டியலில் யூஇஎஃப்ஐ என்று குறித்த பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் போதும். டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருக்கிறது என்று எதிர்ச் செய்தி வந்தாலும் துடைக்க அவசரமில்லை. 2017 முதல் விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவி, தகவல்களை அழிக்காமலே டிஸ்க்கை மாற்றித் தருகிறது. அதற்கும் முன்பு ஒரு நகல் எடுத்துவைப்பது புத்திசாலித்தனம்.

பாதி ஏறிய பிறகு, கோப்புகள் சிதைந்துவிட்டன என்று நின்றுபோவது மூன்றாவது ரகம். இங்கும் முதலில் சந்தேகிக்க வேண்டியது பென் டிரைவை, அடுத்தது ராமை. வேறொரு பென் டிரைவில் புதிதாக நகலெடுத்து முயன்றாலே பல மெஷின்கள் சமர்த்தாகிவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் தொல்லை தீரவில்லை என்றால்தான் டிஸ்க்கின் மேல் கை வைக்க வேண்டும். டிஸ்க் போச்சு என்கிற கடைக்காரரிடம், பயாஸ் திரையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அதில் டிஸ்க்கின் பெயர் இருந்தால், பர்ஸைத் திறக்க அவசரப்பட வேண்டியதில்லை.