மிரண்ட மாடு சினை பிடிக்குமா?

இரண்டு ஊசி போட்டும் மாடு சினை பிடிக்கவில்லையா? உடனே “மலடு” என்று பட்டம் கட்டி, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறோம். குற்றம் மாட்டின் மேல்தானா?

சினையில்லாத பசு சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். அப்போது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஒரு ஹார்மோனை மளமளவென்று அனுப்புகிறது. அந்த உத்தரவு வந்தால்தான் சினைப்பையிலிருந்து முட்டை வெளிவரும்.

மாடு மிரண்டால், வெயிலில் தவித்தால், லாரியில் நெருக்குண்டு வந்தால், சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரீனல் சுரப்பி ‘கார்டிசால்’ என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஆபத்தில் உயிரைக் காப்பது அதன் வேலை. ஆனால் அளவு மீறினால் மூளையின் உத்தரவையே அது அடக்கிவிடும். முட்டை வெளிவருவது தள்ளிப்போகும்; நின்றும் போகலாம். நேரம் பார்த்துப் போட்ட ஊசியும் வீண்!

ஆகவே, ஊசி போடும் நாளில் மாட்டை விரட்டாதீர்கள், அடிக்காதீர்கள். நிழலில் கட்டுங்கள், தண்ணீர் காட்டுங்கள். பழகிய ஆளே பிடித்துக்கொள்ளட்டும். சந்தையிலிருந்து வந்த மாட்டுக்குச் சில நாள் ஓய்வு கொடுங்கள்.

அப்படியும் சினை நிற்கவில்லையா? தீனிக் குறையா, நோயா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தரகரைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.