குப்பை அள்ளிய ரோல்ஸ் ராய்ஸும் பேப்பர் போட்ட பையனும்

அந்தக் கதை உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கும் நிச்சயம் வந்திருக்கும். லண்டனுக்குப் போன இந்திய மகாராஜா ஒருவர், சாதாரண உடையில் ரோல்ஸ் ராய்ஸ் ஷோரூமுக்குள் நுழைகிறார். யாரோ ஏழை இந்தியர் என்று நினைத்த சேல்ஸ்மேன், அவரை அவமானப்படுத்தி வெளியே அனுப்புகிறார். ஹோட்டலுக்குத் திரும்பிய ராஜா, பட்டும் நகையுமாக மறுபடி வந்து, அங்கே நின்ற அத்தனை கார்களையும் மொத்தமாக வாங்குகிறார். ஊருக்குக் கொண்டுவந்து நகராட்சியிடம் கொடுத்து, 'இனிமேல் இதில்தான் குப்பை அள்ள வேண்டும்' என்று உத்தரவு போடுகிறார். மானம் போன கம்பெனி மன்னிப்புக் கேட்டு, ஆறு கார்களை இலவசமாக அனுப்பிவைக்கிறது. கடைசி வரி உங்களுக்கே தெரியும்: உண்மையான இந்தியனாக இருந்தால் ஷேர் செய்யவும்!

டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது பொங்கல், தீபாவளி மாதிரி. தவறாமல் வரும். கதை ஒன்றுதான், ராஜா மட்டும் மாறுவார். ஒருமுறை அல்வர் மகாராஜா, ஒருமுறை பாட்டியாலா, இன்னொரு முறை பரத்பூர், சில சமயம் ஹைதராபாத் நிஜாம். ஆதாரம் எங்கே என்று தேடினால், ஒரு ஃபார்வேர்டு இன்னொரு ஃபார்வேர்டைக் கைகாட்டும்.

பொய்யாகவே இருக்கட்டும். ஏன் இது சாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது? நம்மில் பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தயங்கி நின்றவர்கள்தான். பெரிய நகைக்கடையோ, ஏ.சி துணிக்கடையோ, 'விலை கேட்டால் முறைப்பார்களோ' என்று செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம். அந்தச் சேல்ஸ்மேன் மூக்குடைபடுவது நமக்காக யாரோ பழிவாங்கியது போல இனிக்கிறது.

ஆனால், பழிவாங்குவதற்கு அந்தக் கதையில் ஒரு மகாராஜா தேவைப்படுகிறார். பணமும் கிரீடமும் இருந்தால்தான் மரியாதை என்று, சேல்ஸ்மேன் நினைத்ததையேதான் கதையும் சொல்கிறது. எனக்கு அதுதான் இடிக்கிறது. ஏனென்றால், அப்படி ஒரு ஷோரூம் நிஜமாகவே இருந்திருந்தால், அது முதலில் துரத்தியிருக்க வேண்டிய ஆள் அந்தக் காரைச் செய்தவர்தான்.

மாவு மில்காரர் மகன்

ஹென்றி ராய்ஸ் 1863-ல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரத்துக்குப் பக்கத்தில் அல்வால்டன் என்ற கிராமத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா மாவு மில் நடத்தி நொடித்துப்போனவர். ராய்ஸுக்கு ஒன்பது வயதாகும்போது அப்பாவும் இறந்துவிட்டார். அந்தப் பையன் லண்டன் தெருக்களில் பேப்பர் விற்றான். தந்தி கொண்டுபோய்க் கொடுத்தான். படிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை.

அத்தை ஒருவர் பணம் கட்டியதால், ரயில்வே பணிமனையில் தொழில் பழகச் சேர்ந்தார். மூன்று வருடத்தில் அத்தையிடமும் பணம் தீர்ந்துபோக, பயிற்சி பாதியில் நின்றது. சர்ட்டிஃபிகேட்டும் இல்லை. பிறகு மின்சாரக் கம்பெனியில் வேலை. 1884-ல் கையில் இருந்த சேமிப்பு 20 பவுண்ட், நண்பர் எர்னஸ்ட் கிளேர்மாண்ட் போட்ட 50 பவுண்ட், இவற்றை வைத்து மான்செஸ்டரில் சின்னதாக ஒரு பட்டறை போட்டார். காலிங் பெல்லில் ஆரம்பித்து டைனமோ, மின்சார கிரேன் என்று வளர்ந்தார்கள்.

காருக்கு அவர் வந்தது நாற்பது வயதில். 'டெக்காவில்' என்ற பிரெஞ்சு காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அது மோசமான கார் இல்லை, அந்தக் காலத்துக்கு நல்ல காரே. ஆனால், ராய்ஸுக்குப் பிடிக்கவில்லை. பிரித்துப் போட்டு ஒவ்வொரு பாகமாகப் பார்த்தார். இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று தோன்றியது, செய்தார். 1904 ஏப்ரல் 1 அன்று அவருடைய முதல் கார் பட்டறையிலிருந்து வெளியே வந்தது. இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன். புதிதாக எதையும் கண்டுபிடித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. எல்லோரும் செய்ததையே இன்னும் ஒழுங்காகச் செய்தார், அவ்வளவுதான். ரோல்ஸ் ராய்ஸின் மொத்த ரகசியமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும் என்பது என் கட்சி.

பிரபு வீட்டுப் பிள்ளை

பெயரின் முன்பாதி நேரெதிர். சார்லஸ் ரோல்ஸ் 1877-ல் லண்டனின் பணக்காரப் பகுதியான மேஃபேரில், பிரபு குடும்பத்தில் பிறந்தவர். ஈட்டன், கேம்பிரிட்ஜ் என்று படிப்பு. கார் பந்தயம், பலூன் என்று பொழுதுபோக்கு. வெளிநாட்டு கார்களை இறக்குமதி செய்து லண்டனில் விற்றுக்கொண்டிருந்தார். 'நம் நாட்டிலேயே ஒரு நல்ல கார் இல்லையே' என்பது அவருடைய ஆதங்கம்.

இருவருக்கும் தெரிந்த ஹென்றி எட்மண்ட்ஸ் என்பவர் ஏற்பாட்டில், 1904 மே 4 அன்று மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் சந்தித்தார்கள். இரண்டு சிலிண்டர் கார் என்றாலே ரோல்ஸுக்கு இளக்காரம். கடகடவென்று உதறும். ராய்ஸின் காரில் ஏறி உட்கார்ந்தார், அது உதறவில்லை. நீங்கள் எத்தனை கார் செய்தாலும் நானே விற்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டார். பேப்பர் போட்ட பையன் பெயரும் பிரபு வீட்டுப் பிள்ளை பெயரும் சேர்ந்தது அப்படித்தான். சேரும்போது யார் பெயர் முன்னால் வந்தது என்பதையும் கவனியுங்கள்!

நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டுத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எழுதுவார்கள். அந்தக் கோடு என்று செல்லமாக அழைக்கப்பட்டவர் கிளாட் ஜான்சன், ரோல்ஸின் கூட்டாளி. விளம்பரம், விற்பனை எல்லாம் அவர் மூளை. புதிய ஆறு சிலிண்டர் கார் ஒன்றுக்கு வெள்ளி நிற பெயின்ட் அடித்து, 'சில்வர் கோஸ்ட்' என்று பெயர் வைத்து, 1907-ல் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே ஓயாமல் ஓட்டவைத்தார். பழுது என்று நிற்காமல் தொடர்ந்து ஓடிய தூரம் 14,371 மைல், அதாவது சுமார் 23,000 கிலோமீட்டர். ஊருக்குப் போனால் வண்டியோடு திரும்புவோமா என்று கார்காரர்கள் கவலைப்பட்ட காலம் அது. 'உலகின் மிகச் சிறந்த கார்' என்ற பேச்சு அங்கே ஆரம்பித்தது. நம் ராஜாக்களின் ஆர்டர்கள் குவிந்ததும் இந்த மாடலில்தான். ஹைதராபாத் நிஜாமுக்காகச் செய்த மஞ்சள் நிற சில்வர் கோஸ்ட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அரியணை வைத்த கார் அது.

ரோல்ஸ் இதையெல்லாம் அதிக நாள் பார்க்கவில்லை. விமானப் பைத்தியம் பிடித்தது. 1910 ஜூனில் ஆங்கிலக் கால்வாயை ஒரே மூச்சில் போய்த் திரும்பிக் கடந்த முதல் ஆள் ஆனார். அடுத்த மாதமே, ஜூலை 12 அன்று, போர்ன்மவுத் விமானக் காட்சியில் வால்பகுதி உடைந்து விழுந்து இறந்தார். வயது 32.

பானட் மேல் ஒரு பெண்

ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் நம் கண்ணில் முதலில் வருவது மூக்கு நுனியில் ஆடை காற்றில் பறக்க முன்னால் சாய்ந்து நிற்கும் அந்தப் பெண் சிலைதானே? 'ஸ்பிரிட் ஆஃப் எக்ஸ்டஸி' என்று பெயர். 1911-ல் வந்தது. செய்தவர் சார்லஸ் சைக்ஸ் என்ற சிற்பி. செய்யச் சொன்னவர் கிளாட் ஜான்சன். பணக்காரர்கள் இஷ்டத்துக்கு எதை எதையோ பொம்மையாக முன்னால் ஒட்டிக்கொண்டு திரிந்ததைப் பார்க்கச் சகிக்காமல் கம்பெனியே ஒன்றைக் கொடுத்தது. ராய்ஸுக்கு இந்தச் சிலை கடைசிவரை பிடிக்கவே இல்லை என்பது தனிக்கதை.

அந்த உருவம் எலினார் தார்ன்டனின் சாயல் என்றுதான் பரவலாகச் சொல்கிறார்கள். அவர் ஒரு செயலாளர். கார் பத்திரிகை நடத்திவந்த மாண்டேகு பிரபுவின் அலுவலகத்தில் வேலை. பிரபு ஏற்கெனவே மணமானவர். இருவருக்கும் உறவு இருந்தது, ஒரு பெண் குழந்தையும் பிறந்து வேறோர் இடத்தில் வளர்ந்தது. வெளியே சொல்ல முடியாத விஷயம். மாண்டேகுவின் சொந்த காருக்கு சைக்ஸ் முதலில் ஒரு சிலை செய்து கொடுத்தார். அதில் அந்தப் பெண் உதட்டில் விரல் வைத்திருப்பாள். 'யாரிடமும் சொல்லாதே' என்பது போல. அதற்குப் பெயர் 'தி விஸ்பர்'.

1915 டிசம்பர் 30. இந்தியாவில் பணி நிமித்தமாக மாண்டேகு எஸ்.எஸ். பெர்ஷியா கப்பலில் வந்துகொண்டிருந்தார். கூடவே எலினாரும். கிரீட் தீவுக்கு அருகே ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ தாக்கியது. 300-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். மாண்டேகு பிழைத்தார், எலினார் கடலோடு போனார். நம் ஊருக்கு வரும் வழியில் மூழ்கிப்போன ஒரு பெண்ணின் சாயல், ஒவ்வொரு ரோல்ஸ் ராய்ஸிலும் நமக்கு முன்னால் போகிறது. ராஜா கதையை ஃபார்வேர்டு செய்பவர்கள் இதையும் ஒருமுறை அனுப்பலாம்.

வீடு ஒருவருக்கு, பெயர்ப்பலகை ஒருவருக்கு

கம்பெனி விமான இன்ஜினும் செய்தது. சொல்லப்போனால், அதில்தான் பெரிதானது. இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தைப் பறக்கவிட்ட மெர்லின் இன்ஜின் இவர்களுடையது. அதே விமான இன்ஜின்தான் கம்பெனியைக் கவிழ்க்கவும் செய்தது. ஆர்பி211 என்ற புதிய இன்ஜினுக்குச் செலவு கைமீறிப்போய், 1971 பிப்ரவரியில் ரோல்ஸ் ராய்ஸ் திவால்! அரசு தலையிட்டு விமானப் பிரிவை எடுத்துக்கொண்டது. கார் பிரிவைத் தனியாகப் பிரித்தார்கள். 1980-ல் அதை விக்கர்ஸ் நிறுவனம் வாங்கியது. பெயரின் உரிமை மட்டும் விமானக் கம்பெனியிடமே தங்கிவிட்டது. அப்போது யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

1998-ல் விக்கர்ஸ் காரை விற்க வந்தபோது வெடித்தது பஞ்சாயத்து. பி.எம்.டபிள்யூ 340 மில்லியன் பவுண்ட் தர முன்வந்தது. ஃபோக்ஸ்வேகன் 430 மில்லியன் கொடுத்துத் தட்டிச்சென்றது. க்ரூ நகரத் தொழிற்சாலை, டிசைன்கள், பென்ட்லி பிராண்ட், பானட் மேல் நிற்கும் அந்தப் பெண், கிரில்லின் வடிவம் எல்லாம் கைக்கு வந்தன. ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயர் மட்டும் வரவில்லை. விமானக் கம்பெனி அதை வெறும் 40 மில்லியனுக்கு பி.எம்.டபிள்யூவுக்குக் கொடுத்துவிட்டது. கிரயம் முடித்து, சாவி வாங்கி, பால் காய்ச்சப் போனால், வாசல் பெயர்ப்பலகை எதிர்வீட்டுக்காரருக்குச் சொந்தம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. இருவரும் உட்கார்ந்து பேசி, 2002 கடைசிவரை ஃபோக்ஸ்வேகன் செய்யட்டும், 2003 ஜனவரி 1 முதல் பெயரும் சிலையும் கிரில்லும் பி.எம்.டபிள்யூவுக்கு என்று முடிவானது. பென்ட்லி ஃபோக்ஸ்வேகனிடம் தங்கியது. பி.எம்.டபிள்யூ, குட்வுட்டில் புதுத் தொழிற்சாலை கட்டி, 'ஃபேன்டம்' காரோடு 2003-ல் புதிதாகத் தொடங்கியது.

இன்னொன்று. இந்த கார் நமக்கு எட்டாது என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஆறுதல்: ஏர்பஸ் ஏ350 விமானத்தில் பறந்திருந்தால், ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜினில் பயணித்தவர்தான் நீங்கள். பெயர் ஒன்று, கம்பெனி வேறு.

அப்படியானால் இன்றைக்குப் பல கோடி கொடுப்பவர்கள் எதை வாங்குகிறார்கள்? முதலாளி ஜெர்மனிக்காரர். பழைய தொழிற்சாலையில் பென்ட்லி ஓடிக்கொண்டிருக்கிறது. வெறும் பெயர்தானே என்று கேட்டால், பாதி உண்மை. மீதிப் பாதி, ராய்ஸின் பிடிவாதம். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் நடுவில் இருக்கும் 'ஆர்ஆர்' எழுத்து தலைகீழாகாமல் நேராகவே நிற்கும். கதவுக்குள் குடை ஒளிந்திருக்கும். பக்கவாட்டில் நீளமாக ஓடும் மெல்லிய கோடு ஸ்டிக்கர் இல்லை, அணில் முடித் தூரிகையால் கையால் இழுத்தது. இதெல்லாம் தேவையா என்றால், தேவையே இல்லை. 2023-ல் உலகம் முழுக்க விற்றது 6,032 கார்கள்தான். அவ்வளவு பேர் கேட்டால் போதும் என்று நடக்கும் வியாபாரம் இது.

ராய்ஸ் 1911-ல் உடல்நிலை கெட்டுப் படுத்த பிறகு டெர்பி தொழிற்சாலைக்கு அதிகம் போகவே இல்லை. வீட்டிலிருந்தே வரைபடங்களைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். 1930-ல் 'சர்' பட்டம் கிடைத்தது. அதற்குப் பின்னும், கையெழுத்துக் கேட்டால் 'ஹென்றி ராய்ஸ், மெக்கானிக்' என்றே போடுவார் என்பார்கள். 1933-ல் இறந்தார்.

மின்சாரக் கிரேன் செய்தவரின் கம்பெனி, மின்சாரக் காருக்கு வர நூறு வருடங்களுக்கு மேல் ஆனது. 1900-லேயே ரோல்ஸ் ஒரு மின்சாரக் காரை ஓட்டிப் பார்த்து, சத்தமில்லை, நாற்றமில்லை, சார்ஜ் செய்ய நிலையங்கள் வந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். 'ஸ்பெக்டர்' 2023 கடைசியில்தான் வாடிக்கையாளர்கள் கைக்கு வந்தது. காற்றுத் தடையைக் குறைக்க அதற்காக பானட் சிலையையும் திருத்தினார்கள். 100 மில்லிமீட்டர் இருந்த உயரம் 83-க்கும் கீழே இறங்கியது. கால்களைச் சேர்த்து நின்றவள், இப்போது ஒரு காலை முன்னால் வைத்துக் குனிந்திருக்கிறாள். யாராவது திருட நினைத்துக் கைவைத்தால், சட்டென்று பானட்டுக்குள் இறங்கி மறைந்துவிடுவாள்.