கால் நரம்புக்குக் கத்தி வேண்டுமா?

நாகர்கோவில் செம்மாங்குடி ரோட்டில், பண்டிகைக் காலத்து மாலை நேரத்தில், ஒரு ஜவுளிக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். மேஜைக்கு அப்பால் புடவைகளை விரித்துப் போடும் பெண், காலையில் கடை திறந்தபோது நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறாள். வாங்க வருகிறவர்கள் அவள் கையிலுள்ள புடவையைப் பார்க்கிறார்கள். காலை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால், முழங்காலுக்குக் கீழே நீலமாக, மண்புழு சுருண்டு கிடப்பதுபோல் புடைத்த நரம்பு தெரியக்கூடும். பரோட்டா மாஸ்டருக்கும், சலூன்காரருக்கும், போக்குவரத்துப் போலீஸ்காரருக்கும் இதே தொல்லை வருவதுண்டு.

ஊரார் இதை நரம்புச் சுருட்டல் என்கிறார்கள். நரம்பு என்பது பழக்கத்தில் வந்த பெயர். உண்மையில் அது காலிலிருந்து இருதயத்துக்கு இரத்தத்தை ஏற்றிச் செல்லும் குழாய். ஏறிய இரத்தம் இறங்கிவிடாதபடி அதனுள் சிறு சிறு கதவுகள் இருக்கின்றன. பேச்சிப்பாறைத் தண்ணீர் பாயும் நாட்டில் மடையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மடைப் பலகை பழுதானால் தண்ணீர் நிற்காது. கதவு பழுதானால் இரத்தம் கீழேயே தேங்குகிறது, குழாய் வீங்கிச் சுருளுகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் சதை குழாயைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளும். காலையெல்லாம் மரத்துக்கு மரம் நடக்கும் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு அந்த உதவி உண்டு. ஒரே இடத்தில் நிற்கிறவருக்கு இல்லை. பரம்பரை, உடற்பருமன், பிள்ளைப்பேறு ஆகியவையும் காரணங்களே.

சரி, வந்துவிட்டது. ஆபரேஷன் செய்துகொள்வதா, வேண்டாமா? "கத்தி பட்ட கால் பழையபடி ஆகாது" என்பார் மாமியார். "லேசர் வைத்தால் ஒரே நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம்" என்பார் அடுத்த வீட்டுக்காரர். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது.

கத்திக்கு அஞ்சும் சீமை அல்ல இது. 1920-களிலும் 1930-களிலும் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸாமர்வெல் - எவரெஸ்ட் ஏறப் போன அதே ஸாமர்வெல்தான் - குடல் புண்ணுக்கு ஆபரேஷன் செய்கிறார் என்று கேட்டுத் திருவிதாங்கூரின் பல பகுதிகளிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். அந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமியே காரணம் என்பது, 1982-ல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் அக்கிருமியைக் கண்ட பிறகுதான் தெரியவந்தது. இன்று பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும். அன்று கத்தி எடுத்தது தவறல்ல. வேறு வழி இருக்கவில்லை. வழி பிறந்ததும் கத்தி ஒதுங்கிக்கொண்டது.

கால் நரம்பிலும் ஏறக்குறைய அதே கதைதான். தொடை இடுக்கில் கீறி, குழாயின் தலைப்பைக் கட்டி, கம்பியைச் செருகிக் குழாயையே உருவி எடுப்பது பழைய முறை. நூறாண்டுக்கு மேல் அதுதான் நடந்தது. இப்போது மெல்லிய இழை ஒன்றைக் குழாய்க்குள் செலுத்தி, லேசராலோ ரேடியோ அலையாலோ சூடேற்றி, உள்ளேயே ஒட்டி மூடிவிடுகிறார்கள். இடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்தால் போதும், அன்றே நடக்கலாம். இங்கிலாந்தின் அரசு வழிகாட்டி நிறுவனம் 2013-ல் இந்தச் சூட்டு முறையை முதலிலும், நுரை மருந்து ஊசியை அடுத்தும், உருவி எடுப்பதை மூன்றாவதாகவும் வைத்தது. ஆகவே மாமியார் பயப்படுவது பெரும்பாலும் பழைய ஆபரேஷனுக்கு.

ஆனால் அடுத்த வீட்டுக்காரர் சொல்லாமல் விட்டதும் இருக்கிறது. எந்த முறையிலும் காலில் ஓரிடம் மரத்துப் போகலாம். அபூர்வமாக ஆழத்துக் குழாயில் இரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. சில வருஷங்களில் புதிய சுருட்டல் தோன்றுவதும் அரிதல்ல. இன்னொன்று: இருதய பைபாஸ் ஆபரேஷனுக்கு டாக்டர்கள் கடன் வாங்குவது பல சமயங்களில் காலிலுள்ள இந்த நீண்ட குழாயைத்தான். கெட்டுப்போன குழாய் அதற்கு உதவாது. நல்ல குழாயை வீணாக்கிவிட்டால் பின்னால் வருந்த நேரிடலாம். ஸ்கேன் எடுத்து எந்தக் கதவு கெட்டது, ஆழத்துக் குழாய் திறந்திருக்கிறதா என்று பாராமல் தேதி குறிக்கும் இடத்தில் காலை நீட்டக்கூடாது.

அப்படியானால் யாருக்குத்தான் வேண்டும்? கணுக்காலின் உட்புறத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அங்கே தோல் கறுத்துத் தடித்து அரிக்கிறதா? புண் வந்து ஆறாமல் இருக்கிறதா? நரம்பு வெடித்து இரத்தம் பீறிட்டதா? இவர்கள் தள்ளிப்போடவே கூடாது. (இரத்தம் பீறிட்டால் உடனே படுக்கவைத்து, காலைத் தூக்கி, அந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும்.) இங்கிலாந்தில் புண் வந்தவர்களை வைத்துச் சோதித்து 2004-ல் வெளியிட்ட முடிவில், இறுக்கக் கட்டு மட்டும் போட்டவர்களில் 100-க்கு 28 பேருக்கு ஓராண்டுக்குள் புண் மீண்டும் வந்தது, ஆபரேஷனும் செய்துகொண்டவர்களில் 12 பேருக்குத்தான். 2018-ல் வெளியான இன்னொரு சோதனையில், சூட்டு முறையைச் சீக்கிரம் செய்தவர்களுக்குப் புண் 56 நாளில் ஆறியது. தாமதித்தவர்களுக்கு 82 நாள். தினக்கூலிக்காரருக்கு 26 நாள் என்பது சாமானியமா?

வெறும் நீலக் கோடுகளுக்காக, அழகுக்காக என்றால் கணக்கு வேறு. அவசரம் ஒன்றுமில்லை. கர்ப்பிணிகள் கட்டாயம் பொறுத்திருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் பல பேருக்குத் தானே வற்றிவிடுகிறது. கனமும் வலியும் மட்டும் உள்ளவர்கள் நடையாலும், உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பதாலும், இறுக்கக் காலுறையாலும் காலம் தள்ளலாம். நாஞ்சில் நாட்டுப் புழுக்கத்தில் அந்தக் காலுறை ஒரு தண்டனைதான், ஒப்புக்கொள்ள வேண்டும். நீரிழிவுக்காரர்கள், பாதத்தின் இரத்த ஓட்டத்தை டாக்டர் பார்த்துச் சொல்லாமல் அதை மாட்டவே கூடாது.

ஆசானிடம் தைலம் தேய்க்கும் பழக்கம் இந்த மாவட்டத்தில் வேரூன்றியது. தேய்க்கட்டும். ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் யாரும் அதைத் தேய்க்கக்கூடாது; உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மிச்சம் ஒன்று. கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டம் திருத்தின. ஆபரேஷன் முடிந்து செம்மாங்குடி ரோட்டுக்குத் திரும்பும் பெண்ணுக்கு மேஜைக்குப் பின்னால் அந்த நாற்காலி போட்டிருக்கிறதா என்பதைக் கடை முதலாளிகள் அல்லவா சொல்ல வேண்டும்?