பிக்கப் மாத்தலாமா? முதல்ல ஸ்க்ரூ டிரைவரை எடுங்க

எலெக்ட்ரிக் கிதார் வாங்கி ஆறு மாசம் ஆன பசங்க கிட்டேருந்து தவறாம வர்ற கேள்வி இது: "அண்ணே, எந்த பிக்கப் போட்டா சவுண்டு நல்லா வரும்?" நான் சொல்ற பதில் அவங்களுக்குப் பிடிக்கிறதே இல்லை. "இப்போதைக்கு எதையும் போடாதே!"

கிதார் பழக்கம் இல்லாதவங்களுக்காக ஒரு பத்தி. பிக்கப்ங்கறது காந்தமும், அதைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுத்து சுத்தின, தலைமுடி மாதிரி மெல்லிசான செம்புக் கம்பியும்தான். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தா காந்தப்புலம் மாறும், சுருள்ல மின்சாரம் பிறக்கும். ஃபாரடே 1831லயே கண்டுபிடிச்ச சமாச்சாரம். ஒத்தைச் சுருள் வச்சதுல வீட்டுக் கரண்டோட இரைச்சலும் சேர்ந்து வரும். கிப்சன் கம்பெனியில வேலை பார்த்த செத் லவர், ரெண்டு சுருளை எதிரெதிரா வச்சு அந்த இரைச்சலை அடிச்சுட்டார். 1955ல காப்புரிமைக்கு விண்ணப்பம், 1959ல கிடைச்சது. அதுதான் ஹம்பக்கர்.

சரி, மேட்டருக்கு வருவோம். 'பழசைக் கழட்டிட்டுப் புதுசு போடு'ங்கற வியாபாரம் எப்ப சூடு பிடிச்சது? 1972 வாக்குல லாரி டிமார்சியோ 'சூப்பர் டிஸ்டார்ஷன்'னு ஒரு பிக்கப் செஞ்சார். 1976ல சீமோர் டங்கன் கம்பெனி வந்தது. அன்னைக்கு இருந்த வால்வு ஆம்ப்ளிஃபயர்களை உறும வைக்கணும்னா உள்ளே போற சிக்னல் பலமா இருக்கணும். அதுக்காகத்தான் சூடான பிக்கப். நியாயமான தேவை. ஆனா இன்னைக்கு? வீட்டுல வச்சு வாசிக்கற சின்ன ஆம்ப்ல கூட தேவைக்கு மேல கெயின் இருக்கு. பெடல் இருக்கு, கம்ப்யூட்டர்ல மென்பொருள் இருக்கு. 'பவர் பத்தலை'ன்னு பிக்கப் மாத்தறது, ஊறுகாய்ல உப்பு கம்மின்னு கடல்தண்ணி ஊத்தற கதை.

அடுத்த மூடநம்பிக்கை, கிலோ ஓம் கணக்கு. "இது 8, அது 16, அப்போ அது டபுள் பவர்!" பைக்குக்கு சிசி பார்க்கற மாதிரி பார்க்கறாங்க. கம்பியை இன்னும் மெல்லிசா எடுத்தாலே, சுத்து கூடாம ஓம் மட்டும் ஏறும். காந்தம் எது, எத்தனை சுத்து, என்ன கம்பின்னு எல்லாம் சேர்த்துத்தான் சத்தம். ஓம் மட்டும் பார்த்து வாங்கறது, ஜாதகத்துல ஒரே ஒரு கட்டம் பார்த்துக் கல்யாணம் முடிக்கற மாதிரி.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி மூணு காரியம்.

ஒண்ணு, உயரம். பிக்கப்போட ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கிட்டு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவுல ரெண்டு மில்லிமீட்டர் வச்சு ஆரம்பிங்க. கால் சுத்து ஏத்தி, இறக்கிக் கேளுங்க. பாதிப் பேருக்கு வியாதி இங்கேயே தீர்ந்துடும். ஒத்தைச் சுருள் பிக்கப்பை ரொம்ப ஏத்தினா காந்தம் கம்பியையே இழுக்கும், சுருதி நிக்காது. ஜாக்கிரதை.

ரெண்டு, வால்யூம் பாட். ஹம்பக்கருக்கு வழக்கமா 500 கிலோ ஓம், ஒத்தைச் சுருளுக்கு 250. ஹம்பக்கர்ல 250 உட்கார்ந்திருந்தா மேல்ஸ்தாயி மழுங்கும். அதை மாத்த ஆகற செலவு, புது பிக்கப் விலையில ஒரு துளி.

மூணு, இரைச்சல். கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையுதா? அப்போ உள்ளே செம்புத்தாள் ஒட்டி ஷீல்டிங் பண்ணுங்க. ஒத்தைச் சுருளோட அடிப்படை 50 ஹெர்ட்ஸ் ஹம் அதுல போகாது, 'ஜ்ஜ்ஜ்'னு வர்றது குறையும். அப்படியே சுவர்ல எர்த் இருக்கான்னு எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துடுங்க. மூணு ஓட்டை இருக்கறதாலேயே எர்த் இருக்குன்னு அர்த்தம் இல்லை. இரைச்சல் போகுதுன்னு பிளக்ல எர்த் பின்னை எடுத்துட்டு வாசிக்கற மகானுபாவர்கள் உண்டு. கிதார் கம்பி ஆம்ப்போட எர்த்தோடதான் சேர்ந்திருக்கு. ஆம்ப்ல ஒரு கோளாறு வந்தா கரண்டு நேரா உங்க விரலுக்கு வரும். உயிர் போற விஷயம், விளையாட்டு வேண்டாம்.

இவ்வளவும் பண்ணிட்டும் திருப்தி இல்லையா? அப்போ தாராளமா மாத்துங்க. மாத்த வேண்டிய கேஸும் இருக்கு. சத்தம் வச்சா மைக் மாதிரி 'கீஈஈ'ன்னு கத்தற பிக்கப், டிஸ்டார்ஷன் போட்டா பாட்டை விட ஹம் பெரிசா கேக்கற பிக்கப் எல்லாம் அந்த லிஸ்ட்டுதான். ஆனா 'எந்தப் பிரபலம் என்ன போட்டிருக்கார்'னு தேடாதீங்க. உங்க கிதார்ல என்ன குறைன்னு ஒரே வரியில தமிழ்ல சொல்லிப் பாருங்க. காதைக் குத்துதா? ஆல்னிகோ 2 காந்தம் கொஞ்சம் மெதுவா பேசும். அடி ஸ்தாயி கொழகொழன்னு இருக்கா? சுத்து கம்மியான, ஆல்னிகோ 5 வச்சது பாருங்க. கனமான டிஸ்டார்ஷன்லயும் ஒவ்வொரு ஸ்வரமும் இறுக்கமா, வெட்டினாப்புல வரணுமா? செராமிக். சொல்ல வரலைன்னா வாங்கற நேரம் இன்னும் வரலைன்னு அர்த்தம்.

வாங்கறப்போ ரெண்டையும் சேர்த்து வாங்காதீங்க, பிரிட்ஜ் பக்கம் மட்டும் முதல்ல. கம்பிகளோட இடைவெளியை அளந்துட்டுப் போங்க. நாலு ஒயர் வச்ச ஹம்பக்கர்ல கலர் முறை கம்பெனிக்குக் கம்பெனி வேற. மாத்தி சால்டர் பண்ணினா சத்தம் சோகை பிடிச்சது மாதிரி ஆயிடும். பழைய பிக்கப்பைத் தூக்கிப் போடாம எடுத்து வைங்க.

கிதார் விலையில பாதியை ஒரு பிக்கப்புல போடறதுக்கு முன்னாடி, அதே காசுக்கு நல்ல ஸ்பீக்கர் உள்ள பழைய ஆம்ப் கிடைக்குதான்னு விசாரிங்க. காதுக்கு வர்ற கடைசி சத்தம் அந்த ஸ்பீக்கர்லேருந்துதானே வருது? படிக்கற பையன், அப்பா கொடுத்த காசுன்னா இன்னும் ரெண்டு தடவை யோசிக்கலாம். மீதிக் காசுல புதுக் கம்பி செட் வாங்கிப் போட்டுட்டு தினம் ஒரு மணி நேரம் சாதகம் பண்ணினா வர்ற சத்தம் எந்த டப்பாவிலயும் கிடைக்காது.

"என் பிக்கப் என் வாழ்க்கையையே மாத்திடுச்சு"ங்கறவங்க சண்டைக்கு வரலாம். ரெடி :-)